மூலநிரலும் உற்பத்தி உறவும்: சிக்வின் குறித்து

ஊவாத் தேயிலையின் தனி மணம், யூலை தொடக்கம் செத்தெம்பர் வரை மலைச்சரிவுகளில் வீசும் வறண்ட காற்றினால் உண்டாவது. கொழுந்தைப் பறித்தல், வாட்டல், உருட்டல், நொதிக்கவைத்தல், உலர்த்தல், தரம்பிரித்தல் ஆகிய யாவும் தோட்டத்திலேயே முடிவுறுகின்றன. ஆயினும், 1890இல் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் பெரும்பொருள் ஈட்டியது, தேயிலையைப் பொதியிட்டுத் தன் பெயர் பொறித்து விற்றதனாலாகும். பொதியை வாங்குவோனுக்கு அதனுள் அடங்கிய உழைப்புப் புலப்படுவதில்லை.

மென்பொருளின் வரலாற்றிலும் இத்தகைய பொதியிடல் நிகழ்ந்தது. மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய மூலநிரலைத் தொகுப்பி என்னும் கருவி இயந்திரமொழிக்கு மாற்றுகின்றது. மூலத்தை மறைத்து இயந்திரமொழி வடிவை மட்டும் விற்கும் வணிகம் வலுப்பெற்றபோது, அதற்கு எதிராக றிச்சட் ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். அதன் தொகுப்பி 1987இலும் பொது உரிமம் 1989இலும் வெளிவந்தன. தொகுப்பி உற்பத்திக் கருவிகளுள் ஒன்று என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

ஆனால் மேசைக்கணினிச் சந்தையை ஆண்டது விண்டோஸ். யுனிக்ஸ் மரபிலே எழுதப்பட்ட நிரல்கள் அதில் அப்படியே தொகுபடா. 1995இல் சிக்னஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் சேம்பர்லேன், புதிய விண்டோசின் கோப்பமைப்பு குனூ கருவிகள் முன்னரே அறிந்த ஒன்று எனக் கண்டார். அதிலிருந்து தோன்றியதே சிக்வின். நிரல் யுனிக்சிடம் கேட்பதை விண்டோசுக்கு விளங்கும் வேண்டுகோளாக மாற்றும் ஒரு நூலகமே அதன் நடுநாயகம். பழைய கச்சேரிகளின் துபாசியை இங்கு நினைத்துக்கொள்ளலாம். துபாசிக்குக் கூலியும் உண்டு. யுனிக்சில் ஒரு செயல் தன்னைப் பிரதிசெய்து மற்றொன்றைப் பிறப்பிக்கும். விண்டோசின் வழக்கமான முறையில் இதற்கு இடமில்லையாதலால், சிக்வின் நினைவகத்தைப் படியெடுத்து அதனைப் போலச்செய்கின்றது. தொகுப்புக்கு முன்வரும் 'கொன்ஃபிகர்' சோதனைகள் எண்ணற்ற சிறு செயல்களைப் பிறப்பிப்பதால், லினக்சில் விரைவில் முடியும் வேலை இங்கு நெடுநேரம் இழுபடும்.

தமிழுக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் 2009 டிசெம்பரில் 1.7 பதிப்பு வரும்வரை, தமிழிற் பெயரிட்ட கோப்புகளைச் சிக்வின் செவ்வனே கையாளவில்லை. திறந்த மூலம் எல்லா மொழிகளுக்கும் தானாகவே திறந்துவிடும் என்போர் இப்பதினெட்டு ஆண்டுகளை நோக்குவாராக.

2005இல் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலே, விண்டோசுடன் வந்த பழைய கணினியொன்றே கைக்கெட்டும் மாணவனுக்கு, உள்ளதை அழிக்காமலே தொகுப்பியைத் தரும் இச்சூழல் சிறிய பேறன்று. அது விலையின்றிக் கிடைப்பது. மூலத்தைப் படித்துத் திருத்தவும் இடந்தருவது. ஆயின் அதனை லயத்துக்கு அருகே தொழிலாளர் போடும் மரக்கறிப் பாத்திக்கே நாம் ஒப்பிடுவோம். பயிர் அவர்களுடையது, நிலம் தோட்டத்தினுடையது.

சிக்வின் நூலகமும் முரண்பாட்டினின்று தப்பவில்லை. பொது உரிமத்தின்கீழ் வெளிவந்த அதனைப் பயன்படுத்தித் தம் மூலத்தை மறைக்க விரும்பிய நிறுவனங்கள், பணங்கொடுத்துத் தனி உரிமம் பெறலாம் என்னும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 2016இல் உரிமம் தளர்த்தப்பட்டதோடு அவ்விற்பனைக்குத் தேவை இல்லாதுபோயிற்று. அதே ஆண்டில், விண்டோசின் உடைமையாளரான மைக்ரோசொவ்ற் நிறுவனம் லினக்ஸ் நிரல்களை இயக்கும் துணைத்தொகுதியொன்றைத் தானே வெளியிட்டது. பாத்தியைத் தோட்டத்துரையே கொத்தத் தொடங்கினார்; நிலத்தின் உறுதி கைமாறவில்லை.