முக்கிஷி: புதரிலிருந்து வருபவர்

சோக்வே மக்கள் அங்கோலாவின் வடகிழக்கிலும், அதை ஒட்டிய காங்கோ, ஜாம்பியா பகுதிகளிலும் வாழ்கிறார்கள். நாம் ‘முகமூடி’ என்று சொல்லிவிடுவதை அவர்கள் ‘முக்கிஷி’ என்கிறார்கள், பன்மையில் ‘அக்கிஷி’. இந்தச் சொல்லில் முகமும் இல்லை, மூடுவதும் இல்லை. இதன் வேர் ஆவியைக் குறிப்பது.

பாண்டு மொழிக் குடும்பத்தில் அந்த வேர் வெகுதூரம் பரவியிருக்கிறது. காங்கோ ஆற்றின் கடலோரப் பக்கம் வாழும் கொங்கோ மக்களிடம் ‘ங்கிசி’ என்றால் ஆற்றல் குடிகொண்ட பொருள். அது சிலையாகவும் இருக்கலாம், மருந்து கட்டிய பையாகவும் இருக்கலாம். சோங்யே மக்கள் தங்கள் ஊர்க்காவல் சிலையை ‘ங்கிஷி’ என்பார்கள். சோக்வேக்களுக்கு அண்டையினரான லுவாலே மக்களிடம் இதே சொல் முன்னொட்டு மாறி ‘லிக்கிஷி’, பன்மையில் ‘மாக்கிஷி’ என்று வழங்குகிறது. மேற்கே ஆவி ஒரு பொருளுக்குள் அமர்ந்தது. இங்கே அது எழுந்து நடந்து ஆடுகிறது. இந்தச் சொல்லின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த ஆட்டத்துக்குக் களம் ‘முக்கந்தா’. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களை ஊருக்கு வெளியே புதர்க்காட்டில் தங்கவைத்து, சுன்னத்து செய்து, பெரியவர்களாக்கும் சடங்கு அது. ஜாம்பியாவில் இன்று ஒன்று முதல் மூன்று மாதம் வரை நடக்கிறது. இறந்த முன்னோர் பையன்களுக்குத் துணையாக எழுந்து வருவதாக நம்பிக்கை. வருபவர் முக்கிஷி. தலை முதல் கால் வரை நாரால் பின்னிய இறுக்கமான உடை, முகம், நடை எல்லாம் சேர்ந்த முழு ஆள் அவர். உள்ளே இருக்கும் ஆடவர் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

எல்லா முகமும் மரத்தில் செய்வதில்லை. சடங்குக்கு மிக நெருக்கமான ‘சிக்குன்சா’வுக்குக் குச்சிகளால் கூடு கட்டி, மரப்பட்டைத் துணி போர்த்தி, பிசின் பூசி உருவம் கொடுப்பார்கள். உச்சி கூம்பாக நீண்டு நிற்கும்.

மரத்தில் செதுக்குவதில் தலைசிறந்தது ‘ப்வோ’. பெண் மூதாதையின் முகம் அது, ஆடுவது ஆண்தான். அகன்ற கண்குழியில் பாதி மூடிய இமைகள், செம்மண் பூசி மெருகேற்றிய கன்னம், தலையில் நாரால் பின்னிய சடை. கண்ணுக்குக் கீழே இறங்கும் கோடுகளுக்கு ‘மசோஜி’ என்று பெயர். கண்ணீர் என்று பொருள். நெற்றியில் இருக்கும் சிலுவை போன்ற குறி ‘சிங்கெல்யெங்கெல்யே’. செதுக்குபவர் தனக்குத் தெரிந்த அழகிய பெண் ஒருத்தியைக் கவனித்துக் கவனித்தே இந்த முகத்தைச் செய்வார் என்றும், முகத்தை வாங்கும் ஆட்டக்காரர் பரிசப் பணம் போல ஓர் உலோக வளையத்தை அவரிடம் கொடுப்பார் என்றும் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள்.

‘ப்வோ’ என்றால் வயதுவந்த பெண், பிள்ளை பெற்றவள். பிற்காலத்தில் ‘ம்வானா ப்வோ’, அதாவது இளம்பெண், என்ற பெயரும் பரவியது. சோக்வே கலையை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பெல்ஜியப் பெண்மணி மரி-லூயிஸ் பாஸ்டின் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். மூதாதைத் தாய்க்கு இருந்த கனம் அழகுக்குக் கைமாறியது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

சோக்வே தலைவர்கள் லுண்டா அரச குடும்பத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் என்பது மரபுக் கதை. 19ஆம் நூற்றாண்டில் தேன்மெழுகு, தந்தம், ரப்பர் வணிகத்திலும் துப்பாக்கியிலும் வலுப்பெற்று, 1880களில் அந்த லுண்டாவின் தலைநகரையே பிடித்தார்கள். பின்னர் காலனி ஆட்சியில் தலைவர்களின் கை தளர்ந்தது; அவர்களுக்காகச் செய்த கம்பீரமான மரச்சிலைகளும் அருகின. முக்கிஷியை அந்தச் சரிவு அந்த அளவுக்குத் தொடவில்லை. அதை வாழவைத்தது அரசவை அல்ல, முக்கந்தா. பையன்கள் பிறந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வைர நிறுவனமான தியாமாங் 1936இல் டுண்டோவில் தொடங்கிய அருங்காட்சியகத்தில் சோக்வே முகங்கள் குவிந்தன. அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் அவற்றில் பல களவுபோயின. 2016இல் இரண்டு ப்வோ முகங்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடமிருந்து நாடு திரும்பின. ஜாம்பியாவின் மாக்கிஷி ஆட்டத்தை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. கட்சிக் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் மாக்கிஷியை அழைப்பது பெருகிவருவதால் அதன் மூல இயல்பு கெடலாம் என்ற கவலையையும் யுனெஸ்கோ அப்போதே பதிவுசெய்திருக்கிறது.