தூக்கிவிட ஐந்து விநாடி

வீடியோ கேமில் நம்மோடு ஆடுகிறவன் விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்பது இன்று யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகளுக்குத் தெரிகிறது. மொபைலில் ஆடும் பள்ளிக்கூடப் பையன் “நாக் ஆயிட்டேன்டா, ரிவைவ் பண்ணு” என்று கத்தினால் எதிர்முனையில் இருப்பவன் காரணம் கேட்பதில்லை, வந்துவிடுகிறான். நான் ஆடத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு வழக்கமே கிடையாது. திருச்சி தில்லைநகரில் பல வருடம் நெட் சென்டர் நடத்தியவன் நான். இந்த வழக்கம் வந்து சேர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆரம்பத்தில் உயிர் என்றால் காசு. 1985இல் அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் ‘கான்ட்லெட்’ என்ற ஆர்கேட் ஆட்டத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் எட் லாக். போர்வீரன், வால்கிரி, மந்திரவாதி, எல்ஃப் என்று நான்கு பேர் ஒரே பெட்டியைச் சுற்றி நின்று ஆடலாம். சும்மா நின்றாலும் உடல்பலம் ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்துகொண்டே வரும். வழியில் கிடைக்கும் சாப்பாட்டை யார் எடுப்பது என்று பேசிக்கொள்ளலாம். கூட்டு அவ்வளவுதான். ஒருவன் செத்துவிட்டால் மற்ற மூவர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் எழுப்ப முடியாது. அவன் பையிலிருந்து இன்னொரு நாணயம் விழ வேண்டும். நண்பன் ஓசியில் எழுப்பிவிடும் ஆட்டத்தை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்?

ஆட்டம் வீட்டுக்குள் வந்தபோது காசு போய் எண்ணிக்கை வந்தது. கொனாமியின் ‘கான்ட்ரா’ 1987இல் ஆர்கேடிலும், மறுவருடம் நின்டெண்டோவின் வீட்டுக் கருவியிலும் வந்தது. நம் ஊருக்கு அது தொண்ணூறுகளில், ‘டிவி கேம்’ என்று விற்ற நகல் பெட்டிகளின் கேசட் வழியாக வந்தது. ஆளுக்கு மூன்று உயிர். ரகசியப் பட்டன் வரிசை தெரிந்தவனுக்கு முப்பது. உயிர் தீர்ந்தவன் அடுத்தவன் இருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்; அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் என் தம்பி அப்படி எடுத்ததற்காக ரிமோட் பறந்திருக்கிறது. கொடுக்கிறவனுக்கு அதில் வேலையே இல்லை என்பதுதான் கோளாறு.

கம்ப்யூட்டரில் இதற்கும் முன்பே வேறொரு கிளை முளைத்திருந்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இருவர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய ‘விசார்ட்ரி’ 1981இல் வந்தது. ஒரே ஆள் ஆறு பேரை நடத்திச் செல்லும் ஆட்டம். ஒருவன் செத்தால் உடலை ஊருக்குக் கொண்டுவந்து கேன்ட் கோயிலில் பணம் கட்டி எழுப்பலாம். சடங்கு பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும். சாம்பலுக்கும் பலிக்காவிட்டால் அந்தப் பாத்திரம் நிரந்தரமாகப் போய்விடும். ஆறு பேரும் சுரங்கத்துக்குள் மாண்டால், புதிதாக ஒரு கூட்டத்தைத் திரட்டி உள்ளே அனுப்பி உடல்களைச் சுமந்துவர வேண்டும். நான் இதை வெகு காலம் கழித்துத்தான் ஆடிப் பார்த்தேன். விழுந்தவனுக்காக இன்னொருவன் திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அந்த இன்னொருவனும் நாமேதான் என்பதால் அது முழுமை பெறவில்லை.

முழுமைக்கு அருகில் கொண்டுவந்தது 2001இல் வந்த ‘ரிட்டர்ன் டு காசில் வுல்ஃபன்ஸ்டைன்’. பல பேர் சேர்ந்து ஆடும் பகுதியில் மெடிக் என்று ஒரு வேலை. அவன் கையில் ஊசி இருக்கும். விழுந்தவன் பக்கத்தில் போய்க் குத்தினால் அவன் அதே இடத்தில் எழுந்து நிற்பான். மெடிக் வராவிட்டால், அடுத்த அணி மொத்தமாக இறங்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். எதிரிகளுக்கும் இது தெரியும் என்பதால், விழுந்த உடலை மறுபடி சுட்டுச் சிதைத்து ஊசிக்கு வேலையில்லாமல் செய்வார்கள். 2005இல் ‘பேட்டில்ஃபீல்ட் 2’ அதே மெடிக் கையில் மின் அதிர்ச்சிக் கருவியைக் கொடுத்தது.

ஊசியை எல்லோர் கைக்கும் மாற்றியது எபிக் கேம்ஸ் உருவாக்கி 2006 நவம்பரில் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’. மார்கஸ், டொமினிக் என்ற இரு நாயகர்களில் யார் விழுந்தாலும் மற்றவன் எட்டும் தூரத்துக்கு வந்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும்; எழுந்துவிடுவான். நல்ல மாற்றம்தான், ஆனால் தூக்குவதற்குச் செலவே இல்லை.

2008 நவம்பரில் ‘லெஃப்ட் 4 டெட்’ வந்தது. என் கணக்கில் இந்த வழக்கத்தின் வரலாறு இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டாகிறது. இதை உருவாக்கிய டர்ட்டில் ராக் குழுவினர், மைக் பூத் தலைமையில், அதற்கு முன் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’குக் கம்ப்யூட்டர் எதிரிகளைச் செய்து கொடுத்தவர்கள். கத்தி மட்டும் வைத்திருக்கும் பெரும் கும்பலை நாலைந்து பேர் எதிர்கொண்டால் எப்படி இருக்கும் என்று அதிலேயே சோதித்துப் பார்த்ததில் பிறந்தது இந்த ஆட்டம்.

என் சென்டரில் அதுவரை ராஜா கவுன்ட்டர் ஸ்ட்ரைக்தான். அதில் செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை செத்தவனே. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, டீ சொல்லிவிட்டு, பக்கத்துத் திரையைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பான். லெஃப்ட் 4 டெட்டில் உடல்பலம் தீர்ந்தவன் சாவதில்லை, கீழே விழுகிறான். 300 புள்ளி உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. படுத்தபடியே பிஸ்டலால் சுடலாம், நகர முடியாது. கூட்டாளி வந்து ஐந்து விநாடி பட்டனை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த ஐந்து விநாடியும் அவனால் சுட முடியாது. கும்பலோ நாலா பக்கமும் வருகிறது. இடையில் ஸ்மோக்கர் என்ற எதிரியின் நாக்கு அவனை இழுத்தால் எல்லாம் முதலிலிருந்து. எழுந்தவனுக்குக் கிடைப்பது 30 புள்ளி, அதுவும் கரைகிற கணக்கு. இரண்டு முறை எழுந்தவனுக்குத் திரை கறுப்பு வெள்ளையாகும். சிகிச்சைப் பெட்டியைப் பயன்படுத்தாமல் மூன்றாம் முறை விழுந்தால் சாவுதான். அப்படிச் செத்தவனும் முன்னால் ஏதோ ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்து குரல் கொடுப்பான். மற்றவர்கள் கதவைத் திறந்தால் திரும்ப வரலாம்.

இந்தச் சட்டங்கள் வந்த பிறகு சென்டரில் சத்தமே மாறிப்போனது. “அவனை அடிச்சேன் பாத்தியா” என்பது குறைந்து, “எங்கடா இருக்க, வர்றேன் இரு” என்பது கூடியது. குறி பார்த்துச் சுடத் தெரியாத பாலிடெக்னிக் பையன் ஒருவன் வருவான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஆள் பிரிக்கும்போது அவனைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள். இதில் யார் விழுந்தாலும் முதலில் ஓடி வந்தவன் அவன். ஒரே மாதத்தில் அவன் வராமல் ஆட்டம் தொடங்காது என்றானது. திறமைசாலி யார் என்ற கணக்கையே ஐந்து விநாடிச் சட்டம் மாற்றியதை நான் அவனிடம்தான் பார்த்தேன். 2009இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் ஒருபடி மேலே போனது. செத்தவனை எழுப்பும் மின் அதிர்ச்சிக் கருவியை எடுக்க வேண்டுமானால், உன் சிகிச்சைப் பெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டையும் சுமக்க இடம் கிடையாது. இதை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்த வழக்கம் வேறு பல ஆட்டங்களிலும் பரவியது. ‘காசில் கிராஷர்ஸ்’ 2008லேயே மார்பை அழுத்தி எழுப்பச் சொன்னது. ‘பேடே’யில் போலீஸ் பிடித்த கூட்டாளியைப் பணயக் கைதியைக் கொடுத்து மீட்கலாம். 2009இல் ‘பார்டர்லேண்ட்ஸ்’ விழுந்தவன் ஓர் எதிரியைக் கொன்றால் தானே எழுந்துகொள்ளலாம் என்றது. ‘வார்சோன்’ 2020இல் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ளும் பெட்டியை ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்துக்கு விற்றது. விறுவிறுப்புக்காகச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் எழுந்திருக்க நண்பன் வேண்டாம், பணம் போதும் என்றால் நாம் மறுபடி கான்ட்லெட் பெட்டியின் முன்னால் போய் நிற்கிறோம்.

நம் பிள்ளைகளிடம் இதைக் கொண்டுவந்து சேர்த்தது ‘பப்ஜி மொபைல்’. உலக அளவில் 2018 மார்ச்சில் வந்தது. 2020 செப்டம்பரில் இந்தியா தடை செய்தது. மறுவருடம் வேறு பெயரில் திரும்பியது. இதில் தூக்கிவிடப் பத்து விநாடி ஆகும். விழுந்தவன் தவழ்ந்து மறைவுக்குப் போகலாம். அடுத்தடுத்து விழுந்தால் உயிர் வேகமாக வடியும். நல்ல எதிரி விழுந்தவனை உடனே கொல்ல மாட்டான். தூக்க வருகிறவனுக்காகக் காத்திருப்பான். அதனால்தான் தேர்ந்த கை முதலில் புகைக்குண்டு போடுகிறது, பிறகுதான் பக்கத்தில் உட்காருகிறது. ஐந்து விநாடியைப் பத்தாக்கி, எதிரில் நிஜ மனிதர்களை நிறுத்தியதும் இந்த வழக்கம் இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

என் சென்டரை மூடி வெகு நாளாகிறது. லெஃப்ட் 4 டெட் இரண்டாம் பாகம் இன்றும் ஸ்டீம் இணையக் கடையில் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். மொபைலில் மட்டுமே ஆடிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நான்கு பேராகச் சேர்த்து ஒரு ராத்திரி ஆட விடுங்கள். முடிந்தால் நால்வரும் ஒரே அறையில் இருக்கட்டும்.