எல்லைப்புறத்து வழக்கறிஞர் இராபர்ட் ஷூமன்

சட்டமும் அரசியலும் ஆன்மாவுக்கு ஆகாதவை என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. கறுப்பு அங்கி அணிந்தவர் பொய்யை மெய்யாக்குவார், மேடை ஏறியவர் கொள்கையை விற்பார் என்பது ஊர்ப் பேச்சு. இவ்விரு துறைகளிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்த பொதுநிலையினர் ஒருவரை இவ்விழா மலரில் நினைவுகூர விழைகிறோம். பிரான்ஸ் நாட்டின் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய இராபர்ட் ஷூமனே அவர்.

இளமையும் அழைத்தலும்

1886-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, லக்சம்பர்க்கில் பிறந்தார். தந்தையின் ஊர் லொரேன் பகுதியில் இருந்தது. அம்மண் 1871-இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. 1918-இல் மீண்டும் பிரான்சுக்கு வந்தது. ஜெர்மன் குடிமகனாகப் பிறந்த ஷூமன், ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்று, பின்னர் பிரெஞ்சுக் குடிமகனானார்.

1911-இல் அன்னை விபத்தில் மாண்டார். துயருற்ற மைந்தர் குருமடம் புக எண்ணினார். உலகில் இருந்தபடியே இறைபணி ஆற்றலாம் என்று நண்பர் ஒருவர் எடுத்துரைக்க, 1912-இல் மெட்ஸ் நகரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. நாள்தோறும் திருப்பலி காண்பது அவர் வழக்கம்.

பழமையின் காவலர்

1919-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பழமை பேணும் கத்தோலிக்கர் அணியில் அமர்ந்தார். பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபையையும் அரசையும் பிரித்தபோது லொரேன் ஜெர்மனியிடம் இருந்தது. எனவே அங்கே பழைய உடன்படிக்கையும் மறைக்கல்வி தரும் பள்ளிகளும் நிலைத்திருந்தன. 1924-இல் எரியோ அரசு அவற்றை நீக்க முற்பட்டபோது ஷூமன் உறுதியாக எதிர்த்து நின்றார். பிரெஞ்சுச் சட்டத்தை லொரேனில் புகுத்துங்கால், மக்களுக்கு நன்மை தந்த உள்ளூர்ச் சட்டங்கள் அழியாதபடி காத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவ்வுடன்படிக்கை இன்றும் அப்பகுதியில் நடைமுறையில் உள்ளது.

சோதனைக் காலம்

குறையையும் மறைத்தலாகாது. 1940 ஜூலை 10-ஆம் நாள், தோல்வியுற்ற நாட்டின் முழு அதிகாரத்தையும் மார்ஷல் பெத்தேனிடம் ஒப்படைக்க வாக்களித்த 569 பேருள் ஷூமனும் ஒருவர். மறுத்தவர் 80 பேரே. அவ்வாக்கு அவரைப் பின்தொடர்ந்தது. போருக்குப்பின் தேர்தலில் நிற்கும் உரிமையையும் இழந்திருந்து, 1945-இல்தான் அதை மீண்டும் பெற்றார்.

ஆயினும் பகைவருக்கு அவர் பணியவில்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மன் இரகசியப் போலீசார் அவரைப் பிடித்து மெட்ஸ் சிறையில் அடைத்தனர். பின்னர் நாய்ஸ்டாட் நகரில் காவலில் வைத்தனர். 1942 ஆகஸ்டில் தப்பியவருக்குத் துறவு மடங்கள் புகலிடம் தந்தன.

பகைவனுக்கு நீட்டிய கரம்

1947 நவம்பரில் வேலைநிறுத்தங்கள் நாட்டை உலுக்கிய வேளையில் பிரதமரானார். 1948 ஜூலையில் வெளியுறவு அமைச்சரானார். தம்மைச் சிறையிட்ட நாட்டை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது அவர் மேசை மீதே இருந்தது.

1950 மே 9-ஆம் நாள் பாரிசில் விடையளித்தார். போர் ஓய்ந்து ஐந்தாண்டும் ஒரு நாளுமே கழிந்திருந்தன. ஜான் மொனேயும் தோழர்களும் வகுத்த திட்டம் அது. பீரங்கி செய்ய நிலக்கரியும் எஃகும் வேண்டும். இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைத்துவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தமாக இயலாது. ஜெர்மானியத் தலைவர் அடெனாவர் மனமுவந்து இசைந்தார். இத்தாலியின் தெ காஸ்பெரியும் துணைநின்றார். 1951 ஏப்ரல் 18-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் கையொப்பமிட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் அவ்வித்தில் முளைத்த மரமே.

பழமையைப் பேணியவர் எங்ஙனம் இப்புதுமை செய்தார்? மன்னிப்பு என்னும் பழைய போதனையை அவர் சட்டத்தின் மொழியில் எழுதினார் என்போம். நல்லெண்ணம் நாளை மாறக்கூடும் என்பதை அறிந்த வழக்கறிஞர், அதை உடன்படிக்கையாக்கிப் பூட்டி வைத்தார்.

1963 செப்டம்பர் 4-ஆம் நாள் ஸி-ஷஸேல் என்னும் சிற்றூரில் உயிர் நீத்தார். தம் வீட்டெதிரே உள்ள சிறு ஆலயத்தில் துயில்கொள்கிறார். 2021 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார்.

நம் பங்கிலும் வரப்புத் தகராறு உண்டு. நீதிமன்றப் படி ஏறிய உடன்பிறப்புகளும் உண்டு. வழக்கை வளர்ப்பதா, கையொப்பமிட்டு முடிப்பதா என்று திகைக்கும்போது, லொரேன் நாட்டு வழக்கறிஞரை நாம் நினைத்துக்கொள்வோமாக.