தி கிரேட் எஸ்கேப்

ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கி 1963இல் வெளிவந்த அமெரிக்கப் போர்ப்படம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட நேசநாட்டு விமானப்படையினர், முகாமுக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிய உண்மை நிகழ்ச்சியை ஒட்டியது.

அந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாம் இருந்த சாகன் இன்று போலந்தில் உள்ளது. 1943இல் ரோஜர் புஷெல் என்ற கைதியின் தலைமையில் டாம், டிக், ஹாரி என்ற மூன்று சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். சுரங்கம் என்ற சொல்லையே உச்சரிக்கக்கூடாது என்பது புஷெலின் கட்டளை. தோண்டுவதைவிட மண்ணை மறைப்பதுதான் பெரும்பாடு. மேல்மண் சாம்பல் நிறம். அடியில் மஞ்சள் மணல். கால்சட்டைக்குள் தொங்கவிட்ட பைகளில் மணலைக் கொண்டுபோய், நடந்தபடியே உதிர்த்துக் காலால் கலந்துவிட்டார்கள். சுவர் சரியாமல் தாங்கக் கட்டில் பலகைகள்; காற்றுக் குழாய்க்குப் பால்மாவு டின்கள். டாமைக் காவலர்கள் கண்டுபிடித்துவிட, ஏறத்தாழ 100 மீட்டர் நீண்ட ஹாரி வழியே 1944 மார்ச் 24 இரவு 76 பேர் வெளியேறினர். சுரங்கவாய் மரங்களை எட்டாமல் வெட்டவெளியில் திறந்தது அவர்களின் கெட்ட காலம். மூவர் மட்டுமே பிடிபடாமல் தப்பினர். மீண்டும் பிடிபட்டவர்களில் 50 பேர் ஹிட்லரின் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்டனர். புஷெலும் அவர்களில் ஒருவர்.

அதே முகாமில் கைதியாக இருந்த ஆஸ்திரேலியர் பால் பிரிக்ஹில் இதை 1950இல் நூலாக்கினார். குறுகிய இடத்தைக் கண்டால் அவருக்கு அச்சம். அதனால் தப்புவோர் பட்டியலில் அவர் இல்லை. அடுத்த ஆண்டே அந்நூல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாகவும் வந்தது.

படத்திலும் சிறை கண்டவர்கள் இருந்தார்கள். திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிளாவெல் சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். கள்ள ஆவணம் தயாரிப்பவராக நடித்த டொனால்ட் பிளெசன்ஸும் ஜெர்மானிய முகாமொன்றில் அடைபட்டவர். ஹாரியை அமைத்தவர்களில் ஒருவரான கனடியர் வாலி ஃப்ளூடி தொழில்நுட்ப ஆலோசகர். சுரங்கக் காட்சிகளில் மூச்சுமுட்டுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் பார்த்தவர் மனத்தில் தங்கியது ஸ்டீவ் மக்வீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டும் காட்சி. உண்மையில் அது நடக்கவே இல்லை. மக்வீன் நடித்த பாத்திரத்தைப் போன்ற அமெரிக்கக் கைதிகள் முன்பே வேறு பகுதிக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். தப்பிய 76 பேரில் ஒரு அமெரிக்கர்கூட இல்லை. வேலியைத் தாண்டியதும் மக்வீன் அல்ல, சாகசக் கலைஞர் பட் ஈக்கின்ஸ். பிடிபட்டவர்களைக் கூட்டமாக ஒரே இடத்தில் சுடுவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் கொன்றார்கள். படம் அந்த ஐம்பது பேருக்கே காணிக்கை.

பவேரியாவில் படமாக்கப்பட்டது. படத்தொகுப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. எல்மர் பெர்ன்ஸ்டைனின் அணிவகுப்பு மெட்டு இன்றும் ஆங்கிலக் கால்பந்து ரசிகர்களின் அரங்கப் பாட்டு. 2000இல் வந்த ‘சிக்கன் ரன்’ என்ற அனிமேஷன் படம் இதைக் கேலியாகத் தழுவியது. அதில் பண்ணையிலிருந்து தப்பத் திட்டமிடுபவை கோழிகள்.