கியாந்த்சே தந்தித் தடம்

இந்திய எல்லையிலிருந்து சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகத் திபெத்தின் கியாந்த்சே வரை பிரித்தானிய இந்திய அரசு அமைத்த தந்தித் தடம். 1903-04இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் லாசாவுக்குச் சென்ற படையோடு இக்கம்பியும் மலையேறியது. படை திரும்பியது, கம்பி தங்கிவிட்டது. அது யாருக்கு உரியது என்ற பேச்சு அரை நூற்றாண்டு நீண்டது.

பிரிட்டன் இசையாமல் திபெத் எந்த அயல்நாட்டுக்கும் சாலை, ரயில், தந்தி, சுரங்கச் சலுகை தரலாகாது என்றது 1904ஆம் ஆண்டு லாசா உடன்படிக்கை. 1906 ஏப்ரல் 27 அன்று பீக்கிங்கில் கையெழுத்தான ஒப்பந்தம் சீனாவை அத்தடைக்கு வெளியே வைத்தது. யாதுங், கியாந்த்சே, கார்தோக் ஆகிய வணிக நிலையங்களை இந்தியாவோடு இணைக்கும் தந்திக் கம்பிகளைப் போடும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது. மண் திபெத்துடையது. கையெழுத்திட்டவர்களில் திபெத்தியர் ஒருவரும் இல்லை.

1908 திபெத் வணிக விதிகளின் ஆறாம் பிரிவே இவ்வழக்கின் மையம். சீனாவின் தந்தி கியாந்த்சேவை எட்டும்போது இத்தடத்தைச் சீனாவிடம் ஒப்படைப்பது பற்றிப் பிரிட்டன் 'பரிசீலிக்கும்'. அதுவரை சீன, திபெத்தியச் செய்திகளும் இந்தியக் கம்பியில் செல்லும். கம்பியைக் காப்பது சீனாவின் பொறுப்பு. சேதப்படுத்துவோரை உள்ளூர் அதிகாரிகள் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். ஆக, இந்தியா இயக்கும் கம்பிக்குச் சீனா காவல். இறையாண்மை யாருடையது என்ற கேள்வியை இரு தரப்பும் இப்படித் தள்ளிப்போட்டன. 1911 புரட்சிக்குப்பின் சீனப் படை திபெத்தைவிட்டு வெளியேற, அந்த வாக்குறுதி ஏட்டோடு நின்றது.

கியாந்த்சேவிலிருந்து லாசாவுக்கு 1922இல் போடப்பட்ட கம்பியின் கதை வேறு. இந்தியத் தந்தித் துறை உதவியது என்றாலும், அது திபெத்திய அரசின் உடைமை. திபெத் தன் விருப்பப்படி பெற்ற தந்தி அதுவே என்பதால், அதைக் காலனியத் தடத்தோடு சேர்த்து எண்ணுவது பிழை.

1947இல் கியாந்த்சே தடம் சுதந்திர இந்தியாவின் பொறுப்புக்கு வந்தது. திபெத் மீண்டும் சீனாவின் பிடிக்குள் வந்தபின், 1953 டிசம்பர் இறுதியில் பீக்கிங்கில் இரு நாடுகளும் தொடங்கிய பேச்சு, 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவின் என். ராகவனும் சீனாவின் ஜாங் ஹான்ஃபூவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முடிந்தது. பஞ்சசீலம் அதன் முகவுரையில் உள்ளது. தந்தி பற்றிய முடிவோ அன்றே பரிமாறப்பட்ட குறிப்புகளில் இடம்பெற்றது: அஞ்சல், தந்தி, பொதுத் தொலைபேசிச் சேவைகளை 'நியாயமான விலைக்கு' இந்தியா ஒப்படைக்கும், யாதுங், கியாந்த்சே காவற்படைகள் ஆறு மாதத்தில் திரும்பும், பன்னிரண்டு பயணியர் விடுதிகளும் கைமாறும். இம்முறையும் லாசா அரசு கையெழுத்திடவில்லை.

1955 ஏப்ரல் 1 அன்று ஒப்படைப்பு நடந்தது. தந்திச் சாதனங்களுக்கு இந்தியா விலை ஏதும் வாங்கவில்லை.