மேடையில் வந்த ஒற்றன்

வன்னி நாட்டில் பண்டார வன்னியன் நாடகம் கண்ட நேயர்கள் காக்கை வன்னியனை மறந்திருக்கமாட்டார்கள். பண்டார வன்னியனின் தங்கையை மணக்க விரும்பி, அது கைகூடாமையால் வெள்ளையருக்கு ஒற்றனாகித் தலைவனைக் காட்டிக் கொடுத்தவன் என்பது கதை. அவன் மேடையேறியதும் அவையோர் வெகுளுவர். இந்த ஒற்றன் எங்கிருந்து வந்தான்? திரைக்குப் பின்னே சென்று பார்ப்போம்.

1803ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் கண்டியரசுக்கும் போர் மூண்டது. அவ்வேளை பண்டார வன்னியனும் கிளர்ந்தெழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படைத்தலைவன் வொன் டிரிபேர்க் தோணிகளில் யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினான். ஆனால் ஆங்கிலேயர் வாளாவிருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகளை ஏவினர். அக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், டிரிபேர்க் எதிர்பாராத வேளையிற் பாய்ந்து வன்னியனை முறியடித்தான். அங்கே நடப்பட்டிருந்த நினைவுக்கல்லும் வன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்றே கூறிற்று. கொல்லப்பட்டான் என்று கூறவில்லை.

இனி, வேறொரு நூலைப் புரட்டுவோம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் ஒரு காக்கை வன்னியன் வருகிறான். நட்புப் பாராட்டிச் சென்று, சங்கிலி மன்னனைப் பறங்கியர் கையில் அகப்படுத்தியவன் அவன். அந்நூல் எழுந்தது 18ஆம் நூற்றாண்டில். கற்சிலைமடுப் போருக்கு முன்னர். ஒரே பெயர், ஒரே வஞ்சகம், இருவேறு காலம்! பழைய கதையின் துரோகியே புதிய கதைக்குள் குடிபுகுந்தான் எனக் கருத இடமுண்டு.

மேடைக்கு ஒரு வஞ்சகன் வேண்டும். வீரனின் வீழ்ச்சிக்கு அவனே எளிய விடை. ஆயினும் மூன்று திசைப் படையெடுப்பை விளங்கிக்கொள்ள ஒற்றன் ஒருவன் தேவையில்லை. பழியை ஒருவன் தலையிற் சுமத்திவிட்டால், பகைவன் எவ்வாறு திட்டமிட்டான், நாம் எவ்விடத்தில் அயர்ந்தோம் என்ற வினாக்கள் மறைந்துபோகும்.

ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அரசருக்கு உரைத்த அந்நெறி வரலாறு கேட்போருக்கும் பொருந்தும். துரோகி என்பது சிறு சொல்லன்று; ஒருவன்மீது அதைச் சுமத்துமுன் இரண்டாவது சான்றைக் கேட்பதே அறம்.