தருமபுரி சொல்லும் பாரசீகப் பாடம்

மகள் வரலாறு பயில விழைகிறாள். தந்தையோ கணினிப் பொறியியல் படித்தால்தான் பிழைப்பு உண்டு என்கிறார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் இல்லங்களில் எழும் வழக்கு இது. இதற்குத் தருமபுரி மண்ணின் வரலாறு ஒரு சான்று வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761இல் பிறந்தவர் தாமஸ் மன்றோ. அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் ஆர்வத்தோடு பயின்றார். அமெரிக்க விடுதலைப் போரினால், அந்நாட்டோடு வாணிகம் செய்துவந்த அவர் தந்தை நொடித்துப் போனார். மைந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1780இல் சென்னை வந்தார்; தம் ஊதியத்திலிருந்து பெற்றோருக்குப் பணம் அனுப்பினார். கடமை கருதி ஏற்ற தொழில் அது.

ஆயினும் அவர் கற்பதை விட்டாரல்லர். போர்ப்பணிக்கிடையே இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' கதையை ஒத்த பாரசீகக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பதவி மட்டுமே நோக்கமாயின் கதை பெயர்க்க வேண்டியதில்லையே!

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த பாராமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. சென்னையின் சிவில் அலுவலருள் நாட்டு மொழிகள் அறிந்தோர் அரியர். ஆகவே கார்ன்வாலிஸ் பிரபு, மொழியறிந்த படை அதிகாரிகளை வருவாய்ப் பணியில் அமர்த்தினார். அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரிக்கு வந்த மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை பாராமகாலில்தான் உருப்பெறத் தொடங்கியது. 1820இல் அவர் சென்னை மாகாண ஆளுநரானார். படைவீரரை ஆட்சிப் பணிக்கு அழைத்து வந்தது அவர் கற்ற மொழியே.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அன்று பாரசீகமே உத்தியோகக் கல்வி. 1837இல் நீதிமன்றங்களிலிருந்து அதனை அகற்றச் சட்டம் வந்தது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலம் பயின்றோர்க்கே அரசுப் பணியில் முன்னுரிமை என அறிவித்தார். பதவிக்காகப் பாரசீகம் கற்றவரின் கைமுதல் கரைந்தது. சஅதியையும் ஹாபிஸையும் நேசித்துக் கற்றவருக்கும் வருவாய் போயிற்று. ஆனால் கல்வி போகவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழகத்தில் கடைசி இடம். முதன்முதலாகப் பட்டம் காணும் குடும்பத்தில் தந்தை அஞ்சுவது குற்றமன்று. வீட்டில் அடுப்பெரிவதே அரிதாயின், தொழிற்கல்வியை ஏற்பது மன்றோவைப் போலக் கடமையாகும். நேசித்த கல்வியை அப்போதும் கைவிடலாகாது. மூன்றாண்டு தாங்கும் வசதியுள்ள வீடாயின், இன்றைய சந்தையை மட்டும் காட்டி மகளின் விருப்பத்தை மறுக்க வேண்டா. சந்தை மாறும், பாரசீகத்திற்கு நேர்ந்தது எந்தக் கல்விக்கும் நேரலாம். உள்ளம் தோய்ந்து கற்றது மட்டும் உடன் வரும்.